புதுப்பிப்பு: பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அம்மம்மாவின் இன்சுலின்

கிளிநொச்சி வெயிலில் இன்சுலினை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரட்டைப் பானை யோசனைதான் கைகொடுத்தது.

பூச்சுப் பூசாத பெரிய மண்பானை, உள்ளே சின்னப் பானை, இடையில் ஆற்றுமணல். மணலைக் காலையும் மாலையும் நனைத்து, ஈரச் சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தோம். வெளியே 34 பாகை இருந்த மத்தியானம் உள்ளே 26 காட்டியது. போத்தலை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் லேபல் உரிந்து, திறந்த திகதி அழிந்துபோகும்.

எதிர்பாராதது: சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும்போது நன்றாகக் குளிர்கிறது, மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் குளிர்ச்சி குறைவு.

பானை, பாவனையில் உள்ள போத்தலுக்கு மட்டும்தான். அதையும் பெரும்பாலும் 28 நாளில் மாற்றவேண்டும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று கிளினிக்கில் கேளுங்கள். திறக்காதவற்றுக்கு 2 முதல் 8 பாகை தேவை. பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில், ஐஸ் தட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம். உறைந்தால் பிறகு உருகினாலும் பாவிக்கவே கூடாது. கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகையை உள்ளங்கையில் மெதுவாக உருட்டிய பிறகும் கட்டி தெரிந்தால் அதையும் எறிந்துவிடுங்கள்.