அம்பாசடர் மார்க் 3 காரில் புகை: வயரிங்கை மொத்தமாக மாற்றணுமா?

தக்கலை மார்க்3
போன வெள்ளிக்கிழமை ராத்திரி, மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தோவாளையில் பூ எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளமடம் தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. வண்டி நிறைய பிச்சிப்பூ, அதனால் முதலில் தெரியவில்லை. அப்புறம் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போனால் பச்சைக் களிம்பு ஏறி நட்டு அசையவே இல்லை. கையெல்லாம் நடுக்கம்.

வண்டி 1978 அம்பாசடர், அப்பா வாங்கியது. மறுநாள் பார்த்தால் ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் வயரின் தோல் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கருகிய துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். மொத்த ஹார்னஸையும், அதாவது வண்டி முழுக்க ஓடும் வயர்க் கட்டையே மாற்று என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பத்மினி வீடு
அண்ணாச்சி, மொத்தமாகப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். என்னிடம் 1986 பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது, கம்பெனி வயரிங் இன்னும் அப்படியே. வயருக்கு வயசானதால் மட்டும் தீப்பிடிக்காது. நடுவில் நாம் பண்ணுகிற ஒட்டு வேலையால்தான் பிடிக்கும். உண்மையைச் சொல்லுங்கள், என்ன பல்பு போட்டிருக்கிறீர்கள்?

தக்கலை மார்க்3
100/90, ஹை பீமுக்கு 100 வாட், லோ பீமுக்கு 90. ஆரல்வாய்மொழிப் பக்கம் ராத்திரி ஓட்டினால் எதிரில் லாரி வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது தம்பி, என்ன செய்ய?

பத்மினி வீடு
கிடைத்துவிட்டது பாருங்கள். பழைய 45 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். உங்கள் 100 வாட் பல்பு இரண்டுக்கு ஏறக்குறைய 17. கரண்ட் இரண்டேகால் மடங்கு ஆனால், அதே வயரில் சூடு ஐந்து மடங்கு ஆகும். பெரிய கரண்டைச் சுவிட்சு வழியே விடாமல் தனி வழியில் அனுப்பும் ரிலே இல்லாமல், அத்தனையும் அந்தச் சின்ன சுவிட்சு வழியாகப் போகிறது. வயர் பாவம்!

குளச்சல் எலக்ட்ரீஷியன்
கணக்கு சரிதான். முடிவைத்தான் ஏற்க மாட்டேன். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் 22 வருஷம் கையைச் சுட்டவன் சொல்கிறேன். பிவிசி தோலை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், வளைத்தால் வெடிக்கும். ஓரிடத்தில் நொறுங்கியது என்றால் அதே கட்டுக்குள் பக்கத்தில் படுத்திருக்கும் வயர் மட்டும் இளசாகவா இருக்கும்?

இன்னொன்று, நம் ஊர்க் கடல் காற்று. வயரைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளபளவென்று வரும்வரை சீவிக்கொண்டே போனால் ஒரு சாண் போய்விடுகிறது. ஒட்டுப் போட அப்புறம் என்ன மிச்சம்?

பத்மினி வீடு
அதற்குத்தான் ஃபியூஸ் இருக்கிறதே. பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயரில் ஒன்று, ஹெட்லைட்டுக்குத் தனியாக ஒன்று போட்டால் வேலை முடிந்தது.

குளச்சல் எலக்ட்ரீஷியன்
போடவேண்டியதுதான். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்த வண்டி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஃபியூஸ் இரண்டே இரண்டு, ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. ஆனால் ஷார்ட் ஆகியோ லோடு ஏறியோ கரண்ட் அளவு மீறினால்தான் ஃபியூஸ் போகும். களிம்பு பிடித்த ஜாயின்ட் அப்படியில்லை. அங்கே கரண்ட் அதிகமாகாது, தடைதான் அதிகமாகும். அந்த ஓரிடம் மட்டும் அடுப்பு மாதிரி காயும், ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் காப்பாற்றச் சொல்கிற வயரிங்கில் அப்படி எத்தனை ஜாயின்ட் என்று எண்ணிப் பார்த்தீர்களா மக்கா?

பத்மினி வீடு
நான் எண்ணியிருக்கிறேன். டேப்பைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டதை மாற்றி, திரும்பச் சுற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கடையில் விற்கிற புது ஹார்னஸை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். வயர் பழையதைவிட மெலிசு, நிறமும் ஒத்துவரவில்லை. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது. போதாக்குறைக்கு, 50 வருஷம் ஆனால் விண்டேஜ் பதிவு, அதாவது பழம்பெரும் வண்டிக்கான தனிப் பதிவு கிடைக்கும். அதற்கு வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும்.

வடசேரி டீச்சர்
2021-இல் வந்த அந்த விதி தடுப்பது சேஸி, பாடி, எஞ்சினில் செய்யும் மாற்றத்தை. வயர் மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை தம்பி. விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால்தான் சிக்கல், அன்றாடம் ஓட்ட முடியாது. அண்ணாச்சி அப்புறம் தோவாளைக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும்.

வயரையே பேசுகிறோம், அதன் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் ஹோஸை யாரும் பார்க்கவில்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் ஹோஸைத் தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டியது. பொறி எங்கிருந்து வந்தாலும் எரிவதற்கு ஏதாவது வேண்டுமே.

குளச்சல் எலக்ட்ரீஷியன்
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. அண்ணாச்சி, முதல் வேலையாக, பேட்டரி இணைப்பை ஒரே திருப்பில் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று போடுங்கள். களிம்பு பிடித்த நட்டோடு இருட்டில் மல்லுக்கட்ட வேண்டாம். சீட்டுக்கடியில் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். இன்னொரு தடவை முன்பக்கம் புகை வந்தால் பானெட்டை மடாரென்று தூக்காதீர்கள், உள்ளே தீ இருந்தால் காற்றுப் பட்டதும் எழும்பிவிடும். அன்றைக்கு உங்களுக்கு நல்ல நேரம்.

தக்கலை மார்க்3
பானெட் சமாச்சாரம் தெரியவே தெரியாது. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரி, 100 வாட் பல்பை இன்றே கழற்றிவிட்டேன். கட்-ஆஃப், ரிலே, ஹோஸ் மூன்றும் இந்த வாரம். ஹார்னஸை ரெடிமேடாக வாங்காமல், பழையதை அளவுக்கு வைத்து நல்ல வயரில் புதிதாகக் கட்டித்தர முடியுமா?

குளச்சல் எலக்ட்ரீஷியன்
முடியும். நான்கு நாள் வேலை. வண்டியைக் கொண்டுவாருங்கள்.

பத்மினி வீடு
கட்டுகிற அன்றைக்கு நானும் வருவேன் அண்ணாச்சி. அந்தப் பழைய ஹார்னஸைத் தூரப் போட்டுவிடாதீர்கள், எனக்கு வேண்டும்.