யூனிகோடில் புதுக் குறி: மொழியியல் படித்தவர் முன்மொழியலாமா?

கேள்வி: பழைய கணக்கு ஏடுகளில் வரும் ஒரு குறி யூனிகோடில் (கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரம்) இல்லை. மொழியியல் படித்த, நிரல் எழுதத் தெரியாதவர் அதைச் சேர்க்கச் சொல்லி முன்மொழிய முடியுமா? கட்டணம் உண்டா?

பதில் 1: கட்டணமே இல்லை, யாரும் அனுப்பலாம். ஏற்கெனவே வேறொருவர் முன்மொழிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சான்றுதான் முக்கியம்: வெவ்வேறு மூலங்களில் குறி வரும் பக்கங்களின் தெளிவான படம், சுற்றியுள்ள வரிகளின் வாசிப்பு, பொருள். இருக்கும் எழுத்தின் கைவடிவ வேறுபாடுதான் என்றால் ‘அது எழுத்துரு விஷயம்’ என்று திருப்பிவிடுவார்கள். பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்.

பதில் 2: குறியின் பண்புகளையும் எழுதுங்க. எழுத்தா, எண்ணா, சேர்குறியா (வேறோர் எழுத்தோடு ஒட்டி வருவது)? பின்னம் என்றால் அதன் மதிப்பு. பெயரில் கவனம், ஏற்றபின் மாற்றவே மாட்டார்கள், பிழை இருந்தாலும். 2019இல் யூனிகோடின் 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னங்களும் குறிகளுமாக 51 சேர்ந்தன. உங்கள் குறி அதிலேயே இருக்கலாம்!

பதில் 3: யூனிகோடின் தொழில்நுட்பக் குழு ஏற்றாலும் ஐஎஸ்ஓ 10646 (யூனிகோடுக்கு இணையான சர்வதேசத் தரம்) வாக்கெடுப்பு பாக்கி. வருடக்கணக்கில் ஆகும்.