கிளட்ச் கேபிள் சரிசெய்தல் நிலைக்கவில்லை. போடிமெட்டு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை

கேள்வி (பூப்பாறையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல், 796 சிசி கார்புரேட்டர் கார். ஏலக்காய் மூட்டையுடன் வாரம் ஒரு முறை போடிநாயக்கனூருக்கு இறங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் திரும்ப வேண்டியிருப்பதால், கிளட்ச் நம்பகமாக இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே நின்றுவிடும். நான்கு மாதங்களுக்கு முன் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினோம். அதன் பிறகு இரண்டு கேபிள்கள் போய்விட்டன. புதிய கேபிள் போட்ட சில வாரங்களிலேயே பெடல் கல்லாக இறுகி, ரிவர்ஸ் கியர் அரைத்துக்கொண்டு விழுகிறது. அதற்காகக் கேபிளின் நீளத்தைச் சரிசெய்யும் நட்டை இறுக்கினால், ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி நகர்வதில்லை, கருகல் வாடை வருகிறது. காலையில் வைத்த பிளே (பெடலின் தளர்வு) மாலையில் இருப்பதில்லை. பேட்டரி புதிது என்றாலும், குளிர்காலம் என்பதாலோ என்னவோ, ஸ்டார்ட்டரும் காலையில் திணறித்தான் சுற்றுகிறது.

பதில் 1 (கம்பம்):
ஐயா, நட்டை இனி இறுக்காதீர்கள். பெடலைக் கையால் அழுத்தும்போது தடை தெரியும் முன் சற்று தளர்வு இருக்க வேண்டும். இத்தகைய கார்களில் அது பொதுவாக 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் கையேடு சொல்லும் அளவே இறுதி. அந்தத் தளர்வே இல்லையென்றால், ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட் நழுவித் தேயும். மேலும், பிளேட் தேய்ந்தால் பிளே குறையும், கேபிள் நீண்டால் பிளே கூடும். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி நேர்கிறது என்றால், தேய்மானத்தைக் காட்டிலும் கேபிள் உள்ளே சிக்கி நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில் 2 (குமுளி):
ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் பானெட்டைத் திறந்து பாருங்கள். கேபிள் உறை பொருந்தும் தகடு வளைகிறதா, கியர் பாக்ஸ் மேலுள்ள லீவர் முழுமையாகத் திரும்புகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பதில் 3 (செங்கோட்டை):
நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஸ்டார்ட்டர் திணறலில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப எர்த் வயர் வேண்டும். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியபோது அந்த வயரை மாட்டாமல் விட்டிருந்தாலோ, அதன் முனை துருப்பிடித்திருந்தாலோ, அவ்வளவு மின்சாரமும் கிளட்ச் கேபிளின் எஃகு இழைகள் வழியே பாடிக்குப் போகும். இழைகள் சூடேறி, உறைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு எந்தச் சரிசெய்தலும் நிற்காது. சோதிப்பது எளிது: ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இறுகக் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே விறுவிறுவென்று சுற்றினால் எர்த்தில்தான் குறை. ஆக்சிலரேட்டர் கேபிளையும் மறவாமல் பாருங்கள், அதுவும் இதே வழியில் கெடும்.

மறுமொழி (பூப்பாறையிலிருந்து):
செங்கோட்டை ஐயா சொன்னதே உண்மை. கழற்றிய கேபிளை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்தேன். உள்ளேயிருந்த வெள்ளைக் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு உருகிப் பழுப்பேறி, இழைகளோடு மெழுகு போல ஒட்டியிருந்தது. எர்த் வயர் பேட்டரித் தட்டின் அடியில் போல்ட் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முனையையும் கியர் பாக்ஸ் பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து முடுக்கிவிட்டு, மூன்றாவது கேபிளைப் போட்டு 20 மி.மீ. பிளே வைத்தேன். ஆக்சிலரேட்டர் கேபிளும் இறுகத் தொடங்கியிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். மூன்று வாரங்களாக மூட்டைகளோடு மெட்டு ஏறி வருகிறேன், நட்டை இன்னும் தொடவில்லை. உங்கள் மூவருக்கும் என் நன்றி.