கார்டை மாற்றினால் போதும் என்பவர்கள் 5 வோல்ட்டுக்குப் பதில் சொல்லுங்கள்

மன்னை மோட்டார்:
"சென்சார், எல்சிடி எல்லாம் செருகிப் பழகுற ஒரே போர்டு வாங்குங்க, அதுல மைக்ரோகன்ட்ரோலர் சிப் இருக்கிற கார்டை மட்டும் மாத்துங்க, ஏவிஆர், எஸ்டிஎம்32 எந்தச் சிப்பும் ஓடும், வேற எதையும் தொடவே வேண்டாம்" என்று குடந்தை கோடர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வாய்க்கால் நீர்மட்டத்தை ஒலி அனுப்பிப் பார்க்கிற ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சார் பதில் அனுப்புகிற எக்கோ பின்னில் வருவது 5 வோல்ட். எஸ்டிஎம்32எஃப்103 சிப் ஓடுவது 3.3 வோல்ட்டில். இவரை நம்பி ஒரு பையன் கார்டை மாற்றிச் செருகினால் என்ன ஆகும்? சிப்பின் பின் போய்விடாதா?

குடந்தை கோடர்:
ஒன்றும் ஆகாது அண்ணே. டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள், அந்தச் சிப்பில் பல பின்கள் 5 வோல்ட் தாங்கும். போதாததற்கு போர்டிலேயே 5 வோல்ட்டா 3.3-ஆ என்று மாற்றுகிற ஜம்பர் இருக்கிறது.

மன்னை மோட்டார்:
பல பின்தானே, எல்லாம் இல்லையே? பிஏ0 முதல் பிஏ7 வரையுள்ள பின்கள் தாங்காது. ஜம்பரை 3.3-க்கு மாற்றினால் சென்சாருக்கும் 3.3 தான் போகும், அது 5 கேட்கிற சாமான். எக்கோ பின்னில் 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டு 5-ஐ 3.3 ஆக்கலாம். அப்புறம் "எதையும் தொடவே வேண்டாம்" எங்கே போச்சு?

திருவாரூர்த் தேர்:
என் 5 வோல்ட் 16x2 எல்சிடி 3.3 கார்டோடு நன்றாகவே ஓடுகிறது. 2.2 வோல்ட் வந்தாலே அது டிஜிட்டல் 'ஒன்று' என்று எடுத்துக்கொள்ளும். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

மன்னை மோட்டார்:
எழுதவா படிக்கவா என்று எல்சிடிக்குச் சொல்கிற ஆர்டபிள்யூ பின்னைக் கிரவுண்டில் கட்டி எழுத மட்டும் விட்டிருப்பீர்கள், அதனால் ஓடுகிறது. அவிழ்த்துவிட்டு, எல்சிடி வேலையாக இருக்கிறதா என்று சொல்கிற பிஸி ஃப்ளாகைப் படித்துப் பாருங்கள். எல்சிடி திருப்பி அனுப்புவதும் 5 வோல்ட்தான்.

ஐயாறு:
ப்ரோக்ராம் கோடும் மாறும். எல்எம்35 வெப்ப சென்சார் 30 டிகிரியில் கொடுப்பது 300 மில்லிவோல்ட். 5 வோல்ட்டை உச்ச அளவாக வைத்து 10 பிட்டில் (0 முதல் 1023 வரை) எண்ணும் ஏவிஆர் அதை 61 என்று படிக்கும். 3.3-ஐ உச்சமாக வைத்து 12 பிட்டில் (0 முதல் 4095 வரை) எண்ணும் எஸ்டிஎம்32 அதையே 372 என்று படிக்கும். தஞ்சாவூர்க் கடையில் காலேஜ் ப்ராஜெக்ட்டை ரெடிமேடாக வாங்குகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

குடந்தை கோடர்:
யாரைச் சொல்கிறீர்கள்? என் பம்ப்செட் ப்ராஜெக்ட்டுக்கு ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. போன வருஷமும் மன்னை அண்ணன் இதே மாதிரி வந்து மட்டம் தட்டினார். 8051 என்ற பழைய சிப்பை விட்டு வெளியே வராதவருக்கு எல்லாமே 5 வோல்ட்டாகத்தான் தெரியும்.

மன்னை மோட்டார்:
8051-க்கு என்ன குறைச்சல்? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதுவரை குறுவைக்குப் போர்வெல் மோட்டார்தான். நாற்று காய்கிற நேரத்தில் கன்ட்ரோலர் பின் போனால் நீங்கள் வந்து இறைப்பீர்களா? எக்கோ பின்னுக்குப் பதில் சொல்லுங்கள்.

திருவாரூர்த் தேர்:
தஞ்சாவூர்க் கடைகளை ஏன் இழுக்கிறீர்கள் ஐயாறு? அங்கே நேர்மையாகச் செய்து கொடுக்கிறவர்கள் இல்லையா?

ஐயாறு:
செய்து கொடுப்பதே தப்பு என்கிறேன். படிக்கிறவன்தான் செய்ய வேண்டும்.

குடந்தை கோடர்:
சரி, இஎஸ்பி32 என்ற வேறு சிப் உள்ள கார்டைப் போட்டு வீடியோவே எடுத்துப் போடுகிறேன்.

மன்னை மோட்டார்:
போடுங்கள் தம்பி. அதில் எந்தப் பின்னுமே 5 வோல்ட்டுக்கு ஆனது இல்லை. எக்கோ ஒயரில் ரெசிஸ்டர் இருக்கிறதா இல்லையா என்று கிட்டே வைத்துக் காட்டுங்கள்.