ஸ்னோமொபைல் ட்ராக் ஒரு பக்கமாக ஓடிய அனுபவம் யாருக்காவது உண்டா?

நார்த்பே தம்பி
கனடாவில் எங்கள் நிபிசிங் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், காற்று பனியை வாரிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் வெறும் ஐஸ்தான். வண்டிக்குப் புது ட்ராக் (பனியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடியில் சுற்றும் ரப்பர் பட்டை) போட்டுத் தந்த கடையில், அது நேராக ஓட அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு என்றார்கள். பாதி ஏரியில் பிளாஸ்டிக் கருகும் வாடை. இறங்கிக் குனிந்து பார்த்தால், ட்ராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளில், அதுதான் ஸ்லைடர், வலதுக்கு ஒன்றுமில்லை. இடது மட்டும் ஓரம் உருகி நூல் நூலாகத் தொங்குகிறது. குளிர்விக்கப் பனி படாமல் ஓட்டினால் ஸ்லைடர் உருகத்தான் செய்யும் என்கிறார் கடைக்காரர். சரி, ஒரே ஐஸில் ஓடிய வலது பக்கம் ஏன் உருகவில்லை? இன்றுவரை பதில் இல்லை.

ஹாலிபர்ட்டன் ராஜா
எனக்கும் இதே கதை. ட்ராக் இடது பக்கம் போச்சு, ட்ராக்கை இழுத்துப் பிடிக்கும் இடது போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், சரியாச்சு. ரொம்ப யோசிக்காதீங்க.

டிமின்ஸ் அண்ணாச்சி
ராஜா, தளர்த்திச் சரியாச்சா? எப்படி? ட்ராக் எப்போதும் தொய்வான பக்கத்துக்குத்தான் நகரும். இடது பக்கம் ஓடினால் இடது போல்ட்டை இறுக்க வேண்டும். நீங்கள் தளர்த்தியும் நேரானது என்றால் அங்கே வேறு ஏதோ கோளாறு, போய்ப் பாருங்கள்.

என் கதை சின்னது. எப்படித் திருகினாலும் மறுநாள் பழையபடி இடது பக்கம். கடைசியில் பின் அச்சின் வீலைக் கையால் பிடித்து ஆட்டினேன், பல் ஆடுகிற மாதிரி ஆடியது. பேரிங் போயிருந்தது. திருகித் திருகிச் செத்தேன், அவ்வளவுதான்.

தம்பி, கேளுங்கள். முதலில் இழுவிசை, பிறகுதான் அலைன்மென்ட். ஸ்கி-டூ வண்டிகளின் மேனுவலில் 7.3 கிலோ விசையில் ட்ராக்கைக் கீழே இழுத்துத் தொய்வை அளக்கச் சொல்வார்கள். உங்கள் மாடலுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அதிலேயே இருக்கும். புது ட்ராக் கொஞ்சம் ஓடியதும் நீளும், அதனால் திரும்பவும் அளக்க வேண்டும். அப்புறம் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, மெதுவாகச் சுழலவிட்டு, இரண்டு பக்கமும் ஸ்லைடருக்கும் ட்ராக்கின் இரும்பு கிளிப்புக்கும் நடுவே இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு அச்சு போல்ட்டைத் தளர்த்தி, நெருங்கியிருக்கிற பக்கத்தைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அச்சு போல்ட்டைத் திரும்ப முறுக்கும்போது அது நகர்ந்துவிடும், ஆகவே முறுக்கிய பிறகும் ஒரு தடவை சுழற்றிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதே இல்லை. சுழலும்போது வண்டிக்குப் பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள், ஸ்டட் (ஐஸில் பிடிப்புக்கான உலோக முள்) அடித்த ட்ராக் என்றால் கேட்கவே வேண்டாம்.

நார்த்பே தம்பி
அண்ணாச்சி, ஆட்டிப் பார்த்தேன். இடது வெளி வீல் ஆடுகிறது! ட்ராக் மாற்றும்போது கையில் எடுத்துப் பூட்டிய வீல்தானே அது?

பாட்ஸ்ஃபியூர் குமரன்
நான் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வோம். மலைமேல் ஒரு ஏரியில் பனிக்கு அடியில் தண்ணீர், வண்டி சேற்றில் போவதுபோல் போய் ஒருவழியாகக் கரையேறியது. காபி குடித்துவிட்டுக் கிளப்பினால் தடக் தடக் என்று சத்தம், ட்ராக் முழுக்க வலது பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. நான் ஸ்பேனர் தேடிக்கொண்டிருக்க, கூட வந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோடரிக் கட்டையால் தட்டினார். பின் வீலுக்குப் பக்கத்திலிருந்து தட்டுபோல் ஒரு ஐஸ் கட்டி விழுந்தது, அதில் ட்ராக்கின் பல் தடம் அப்படியே பதிந்திருந்தது! அங்கேயே போல்ட்டைத் திருகியிருந்தால், ஐஸ் உருகிய பிறகு ட்ராக் மறுபக்கம் ஓடியிருக்கும்.

டிமின்ஸ் அண்ணாச்சி
கோடரியா? குமரன், வீல் பக்கம் தட்டியது சரி. ஆனால் டனலுக்குள் (ட்ராக்கை மூடியிருக்கும் கூடு) மேலே இஞ்சினைக் குளிர்விக்கும் கூலர் ஓடுகிறது, அலுமினியம். அதில் ஒரு அடி விழுந்தால் கூலண்ட் முழுக்கப் பனியில்தான். இதைப் படித்துவிட்டு யாரும் கோடரியோடு கிளம்ப வேண்டாம். ரப்பர் சுத்தியல் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.