பூச்சியம் என்றால் பூச்சியம் அல்ல: முதல் விண்கலச் சோதனைகளின் தரவுகளோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கதிர்மானி

அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1-ன் தரவை முதலில் கையில் எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1958 பிப்ரவரி 1 அன்று (உலக நேரப்படி) சுற்றுப்பாதை ஏறிய அந்தக் கலத்தில், காஸ்மிக் கதிர்களை எண்ண ஒரே ஒரு கைகர்-முல்லர் குழாய்தான் (துகள் புகுந்ததும் மின்துடிப்பு தரும் வாயுக்குழாய்) இருந்தது. பாதை நீள்வட்டம்: அண்மையில் சுமார் 358 கி.மீ., சேய்மையில் சுமார் 2,550 கி.மீ. தாழ்வான பகுதிகளில் விநாடிக்கு 30 போல, எதிர்பார்த்த எண்ணிக்கையே வந்தது. உயரத்தில், குறிப்பாகத் தென் அமெரிக்காவுக்கு மேலே, சுத்தமாக ஒன்றுமில்லை.

கருவி பழுது என்று முடிவு கட்டும் முன் முடங்கு நேரத்தைப் பாருங்கள். ஒரு துகள் குழாயில் மின்னிறக்கத்தைக் கிளப்பியதும், நடுக்கம்பியைச் சுற்றி நேர் அயனிகள் உறைபோல் நிற்கும். அவை சுவர்ப்பக்கம் நகரும்வரை குழாய் அடுத்த துகளை உணராது. இதை 100 மைக்ரோவிநாடி என்று வைத்துக்கொள்வோம். திருத்தக் கணக்கு எளிது: முடங்கு நேரத்தைக் காட்டும் வீதத்தால் பெருக்கி, அதை 1-லிருந்து கழித்து, வந்த விடையால் காட்டும் வீதத்தை வகுக்க வேண்டும். கருவி 1,000 காட்டினால் உண்மை ஏறக்குறைய 1,111.

இந்தக் கணக்கை எல்லா வீதத்துக்கும் நீட்டினால் தப்பாகிவிடும். கணக்குப்படி எண்ணிக்கை உச்சத்தில் தட்டையாக நிற்க வேண்டுமே தவிர, கீழே இறங்க வழியில்லை. நடப்பது வேறு. குழாய் பாதி மீண்ட நிலையில் அடுத்த துகள் வந்தால் குட்டைத் துடிப்பு ஒன்று பிறக்கும். எண்ணும் சுற்றின் வாசல் அளவை அது தாண்டாது. ஆனால் குழாயை மறுபடி முடக்கிவிடும். துகள்மழை கனத்தால் எல்லாத் துடிப்புமே குட்டைதான், ஆகவே எண்ணிக்கை பூச்சியம். இந்தக் கருவியை அனுப்பிய இயற்பியலாளர் வான் ஆலனின் குழுவில் கார்ல் மெக்இல்வெய்ன் அதே வகைக் குழாயை எக்ஸ்-கதிர்க் கருவியின் முன் வைத்து இதைக் காட்டினார். விநாடிக்குச் சுமார் 35,000-ஐத் தாண்டினால் வெளியீடு அடங்கிப்போனது.

பழுதா, நிறைவுறலா (துகள் மிகுதியால் குழாய் அடங்கிப்போவதா) என்று பிரித்தறிய, பூச்சியத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும். நிறைவுறல் என்றால் எண்ணிக்கை முதலில் கிடுகிடுவென ஏறும், பிறகு விழும். திரும்பும்போது மறுபடி உச்சம் தொட்டுத்தான் இயல்புக்கு வரும். மின்கலக் கோளாறு இப்படி இருபுறமும் சமச்சீராக நடந்துகொள்ளாது. எக்ஸ்ப்ளோரர் 1-ல் பதிவுக் கருவி இல்லை, தரைநிலையம் கண்ட நேரத்துத் துண்டுகள் மட்டுமே கிடைத்தன. அதனால் அந்த ஏற்றம் தெளிவாகச் சிக்கவில்லை. 1958 மார்ச் 26-ல் போன எக்ஸ்ப்ளோரர் 3-ல் குட்டி நாடாப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. ஒரு சுற்று முழுவதையும் சேர்த்துவைத்து, கட்டளை கிடைத்ததும் சில விநாடிகளில் கொட்டிவிடும். முழு வளைவு கண்ணில் பட்டபோதுதான் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையம் பிடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில் போன எக்ஸ்ப்ளோரர் 4-க்குச் சிறிய உணரிகளும் ஈயக் கவசமும் கொடுத்தார்கள்.

சிற்றலை

துண்டுத் தரவு என்றதும் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 2-ஐயும் சேர்க்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் 1-க்கு முன்பே, 1957 நவம்பரில், சோவியத் இயற்பியலாளர் வெர்னோவின் துகள் எண்ணிகள் அதில் பறந்தன. சோவியத் நிலையங்களுக்கு மேலே வரும்போது கலம் தாழ்வாக இருந்தது. உயரமான பகுதி தென் கோளத்தில் போயிற்று. கருவிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய இடத்தில் காது இல்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது டாப்ளர் விளைவு: கலம் நெருங்கும்போது அலைவெண் ஏறும், விலகும்போது இறங்கும். ஸ்புட்னிக் 1 அனுப்பியது 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ். விநாடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அலை அதிகபட்சம் 520 ஹெர்ட்ஸ் போல மேலும் கீழும் நகரும். அலைவெண்ணை நேரத்துக்கு எதிரே வரைந்தால் வளைவு மிகச் செங்குத்தாக இறங்கும் கணமே கலம் மிக அருகில் வந்த கணம். தூரமும் அந்தச் சரிவிலேயே இருக்கிறது: அலைவெண்ணை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஒளிவேகத்தால் வகுத்து, சரிவாலும் வகுத்தால் தூரம். விநாடிக்கு 8 ஹெர்ட்ஸ் சரிவு என்றால் சுமார் 500 கி.மீ.; 4 என்றால் 1,000.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, வாங்கியின் சொந்த அலையியற்றி சூடாகி நகர்வது. பத்து நிமிடத்தில் 50 ஹெர்ட்ஸ் நகர்ந்தால்கூட வளைவு சாய்ந்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் கையரும் வைஃபன்பாக்கும் 20 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நேரச் சமிக்ஞையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது அயனி மண்டலம், அதாவது மேல்வளியின் மின்னேற்ற அடுக்கு. 20 மெகாஹெர்ட்ஸை அது நன்றாகவே வளைக்கும். அந்த விலகல் அலைவெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், ஏறக்குறைய இருமடங்கான இரண்டாவது அலைவெண்ணும் கையில் இருந்தால் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். பின்னால் வந்த டிரான்சிட் வழிகாட்டுச் செயற்கைக்கோள்களும் இரட்டை அலைவெண் வைத்துக்கொண்டது இதனால்தான்.

பம்பரம்

எக்ஸ்ப்ளோரர் 1 பற்றி இன்னொன்று. சுமார் 2 மீட்டர் நீளம், 16 செ.மீ. விட்டம் உள்ள குச்சி உருவத்தை நீள அச்சில் நிமிடத்துக்கு 750 சுற்று சுழலவிட்டார்கள். பூமியை முதல்முறை சுற்றி முடிப்பதற்குள்ளேயே சமிக்ஞை ஏறி இறங்கித் தேய ஆரம்பித்தது. அனுப்பிமேல் சந்தேகம் வேண்டாம். கலம் கூம்பாட்டம் போட்டுக்கொண்டிருந்தது, அதாவது அதன் நீள அச்சே கூம்பு வரைவதுபோல் ஆடியது. உடலிலிருந்து நீட்டிய நான்கு வளையும் கம்பி ஆன்டெனாக்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாகத் தின்றன. கோண உந்தம் மாறாது, ஆற்றல் மட்டும் குறையும். அப்படியானால் மிகப் பெரிய நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற எதிர்ப்பு) உள்ள அச்சுக்குத்தான் சுழற்சி போய்ச்சேரும். குச்சிக்கு அது குறுக்கச்சு. விறைப்பான பொருள் என்று கருதும் பாடநூல் கணக்கில் இரண்டு அச்சும் நிலையானவை. விறைப்பான கலம் உலகத்தில் கிடையாது என்பதுதான் சிக்கல்.

அந்திவானம்

சோடியம் ஆவிச் சோதனையை யாரும் தொடவில்லையே. 1963 நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பாவிலிருந்து போன நைக்கி-அப்பாச்சி ராக்கெட் சுமந்ததும் அதைத்தான்.

சுமை என்பது சோடியம் உலோகமும் தெர்மைட் கலவையும். எரியும் வெப்பத்தில் சோடியம் ஆவியாகி ராக்கெட்டின் பின்னால் கோடாக நிற்கும்; சூரிய ஒளி பட்டு 589 நானோமீட்டரில் மஞ்சளாக ஒளிரும். அந்தக் கோடு வளையும் விதம் மேல்வளிக் காற்றைச் சொல்லும்.

வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது. ஆவி வெயிலில் இருக்க வேண்டும், தரை இருட்டில் இருக்க வேண்டும். சூரியன் தொடுவானுக்குக் கீழே 6 பாகை போனால் பூமியின் நிழல் நேர்மேலே 35 கி.மீ. உயரத்தில், 9 பாகையில் 79 கி.மீ.; 12 பாகையில் 142 கி.மீ. தாழ்வளி ஒளியை உறிஞ்சுவதால் நடைமுறை நிழல் இன்னும் சற்று மேலே இருக்கும். 80 கி.மீ.யிலிருந்து முழுக்கோடும் தெரிய வேண்டுமென்றால் 6-க்கும் 9-க்கும் நடுவே முடித்தாக வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக இறங்கும், 4 நிமிடத்துக்கு 1 பாகை. ஆக, கையில் இருப்பது 12 நிமிடம் சொச்சம். கவுன்ட்டவுன் கால் மணி நேரம் தடைப்பட்டால் அன்றைய வாய்ப்பு போயிற்று. விடியற்காலை இதையே தலைகீழாகப் பார்க்க வேண்டும்.

படம் எடுக்கக் குறைந்தது இரண்டு நிலையங்கள், பல பத்து கி.மீ. இடைவெளியில், மூன்று இருந்தால் ஒன்றை மேகம் மறைத்தாலும் தப்பலாம். ஷட்டர்கள் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். 100 கி.மீ. அருகே காற்று விநாடிக்கு 100 மீட்டர் போவது சாதாரணம். 10 விநாடி பிசகினால் 1 கி.மீ. பிழை. திசை கணிக்கப் படத்திலேயே விழுந்த விண்மீன்கள் போதும்.

கோடு சுமார் 105 கி.மீ.க்குக் கீழே முண்டுமுண்டாகப் பிய்ந்தும் அதற்கு மேலே வழவழப்பாகவும் தெரிந்தால் ஆவி சரியாக வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். கீழே சுழிப்பு, மேலே மூலக்கூற்றுப் பரவல் மட்டும். முண்டுகள் 105-க்கு மேலும் சீரான இடைவெளியில் தொடர்ந்தால்தான் கலவை விட்டுவிட்டு எரிந்ததோ என்று சந்தேகிக்கலாம்.

கதிர்மானி

நேரக் கட்டுப்பாடு இல்லாமல் இரவிலேயே செய்ய டிரைமெத்தில் அலுமினியம் இருக்கிறதே?

அந்திவானம்

இருக்கிறது. மேல்வளி ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே ஒளிரும், சூரியன் தேவையில்லை. ஆனால் தரையில் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவம் அது. நிரப்புவது முழுக்க மந்த வாயுவில்தான். இரவில் அது தரும் ஒளி தொடர் நிறமாலை என்பதால், சோடியத்தின் நிறமாலைக் கோட்டின் அகலத்தை அளந்து வெப்பநிலை எடுப்பதுபோல் அதில் எடுக்க முடியாது. காற்று மட்டும் போதும் என்றால் அது. வெப்பநிலையும் வேண்டுமென்றால் சோடியம், அதிலும் மேகம் மெலிந்த பிறகு. அடர்த்தியாக இருக்கும்போது தன் ஒளியைத் தானே உறிஞ்சி நிறமாலைக் கோட்டை அகலமாகக் காட்டும், வெப்பநிலை கூடுதலாக வரும்.