உதைபந்தாட்ட அணிக்கு உதவிப் பெற்றோர்: என்ன ஆயத்தம் செய்யவேணும்?

கேள்வி:
மகன்ரை 13 வயதுக்குட்பட்ட அணிக்கு உதவ ஒத்துக்கொண்டன். சனிக்கிழமை காலமை யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில ஆட்டம். 16 பிள்ளையள். தண்ணியும் முதலுதவியும் என்ரை பொறுப்பு. என்னென்ன கொண்டு போகவேணும்?

பதில் 1:
ஆளுக்கு ஒன்றரை லீற்றர் எண்டு 24 லீற்றர் தண்ணி. ஒவ்வொரு போத்தலிலயும் பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதுங்கோ, இல்லாட்டி ஒருத்தற்றை தடிமன் எல்லாருக்கும் வரும். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனித் தூள்) ஒரு பக்கெற்றுக்குச் சரியா ஒரு லீற்றர் தண்ணி. அரைப் போத்தலில கரைச்சால் உப்புக் கூடிப்போம், பிள்ளை சத்தியெடுக்கும். பக்கெற் இல்லையெண்டால் ஒரு லீற்றர் ஆறின தண்ணிக்கு மட்டமா 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தோடம்பழத்தை வீட்டிலயே வெட்டி மூடின பெட்டியில வையுங்கோ. மைதானத்தில வெட்டினால் மண்ணும் இலையானும்தான்.

பதில் 2:
ஐஸை ரெஜிபோம் பெட்டியில கொண்டு போங்கோ. கால் பிரண்டால் துவாயில சுத்தி 15 நிமிசம் வையுங்கோ, நேரை தோலில வைச்சால் தோல் புண்ணாகும். முதல் நாளில தைலம் போட்டு உருவவே கூடாது, வீக்கம் கூடும். உரஞ்சின காயத்தை மண் போகுமட்டும் தண்ணியால கழுவிப்போட்டுத்தான் கட்டவேணும். மூக்கால ரத்தம் வந்தால் முன்னுக்குக் குனியவைச்சு, மூக்கின்ரை மெத்தையான பக்கத்தை 10 நிமிசம் விடாமல் பிடியுங்கோ.

தலை அடிபட்டால் அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சுது. பிள்ளை “ஒண்டுமில்லை” எண்டு கெஞ்சினாலும் இறக்காதேங்கோ. சத்தி, தூக்கக்கலக்கம் எண்டால் உடனை போதனா வைத்தியசாலை.

பதில் 3:
பெற்றோற்றை தொலைபேசி இலக்கங்களைக் கடுதாசியிலயும் எழுதுங்கோ. ஆருக்கு ஆஸ்துமா எண்டு முதலே கேளுங்கோ. அந்தப் பிள்ளையின்ரை இன்ஹேலர் உங்கடை பையில இருக்கவேணும், பஸ்ஸில இல்லை.